உஷார்! 136 அடியில் முளைக்கும் முகமில்லா ஐடிகள்

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, ஒன்பதரை மணி இருக்கும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் போட்டோவைப் போட்டது நான்தான். வேறு யார் மேலும் பழி போட்டுத் தப்பிக்க முடியாது. முன்கண்ணாடி நொறுங்கிய லாரி. ரோட்டில் சிதறிக் கிடக்கும் தக்காளிப் பெட்டிகள். மேலே சிவப்புக் கொட்டை எழுத்தில், ‘குமுளியில் தமிழன் லாரி மேல் தாக்குதல். விழித்தெழு!’ ஊர்க் குழு ஒன்றில் வந்தது. அந்தக் குழுவுக்கு எங்கிருந்து வந்தது, எடுத்தவர் யார், என்றைக்கு எடுத்தது, ஒன்றையும் நான் கேட்கவில்லை. கட்டைவிரல் தானாகப் போய் அம்புக்குறியை அமுக்கிவிட்டது.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, மதினி போன் பண்ணினார். கம்பத்திலிருந்து விடிகாலை ஜீப் ஏறி, வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறவர். “ஏன் தம்பி, நாளைக்கு ஜீப்பு போகுமா போகாதா? டிரைவரு போனை எடுக்க மாட்டேங்கிறாரு. நம்மாளுகள அடிக்கிறாங்கன்னு நீங்கதான போட்டிருக்கீக?” எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. “எதுக்கும் ஒரு நாள் பாத்துட்டுப் போங்க மதினி” என்றேன். அவர் போகவில்லை. ஒரு நாள் கூலி போயிற்று. மறுநாள் ஜீப்புகள் வழக்கம்போல மலையேறி, வழக்கம்போலத் திரும்பி வந்தன.

காலையில் டீக்கடைக்குப் போனேன். கடைக்காரருக்குச் சொந்த ஊர் கேரளத்தில் பாலா. கம்பத்துக்கு வந்து முப்பது வருஷம். ஊரே அவரைச் சேட்டன் என்றுதான் கூப்பிடும். போட்டோவைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். லாரியின் நம்பர் பிளேட் தெரிந்தது. எம்.எச். என்று ஆரம்பித்தது. “மகாராஷ்டிரா வண்டி சாரே. இந்தத் தக்காளிய எதுக்கு அவன் குமுளிக்குக் கொண்டு வர்றான்?” என்றவர், தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தார். அவருடைய சொந்தக்காரர்கள் குழு. அதே லாரி. அதே தக்காளி. அதே சிவப்பு எழுத்து, மலையாளத்தில். ‘கம்பத்தில் மலையாளி லாரி மேல் தமிழர்கள் தாக்குதல்’ என்று எனக்குத் தமிழில் சொன்னார். சொல்லிவிட்டு முகத்தைச் சுளித்தார். “இது மலையாளி எழுதினதில்ல. மெஷின்ல போட்டு மாத்தினது. எங்க ஆளு எவனும் இப்படி எழுத மாட்டான்.”

அப்போதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒரே சரக்கை மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எவனோ விற்றிருக்கிறான். அவன் தமிழனா, மலையாளியா, இரண்டுமில்லாத மூன்றாம் ஆளா? கண்டுபிடிக்க என்னிடம் எந்த வழியும் இல்லை. ஆனால் அவனுக்கு ஒரு பைசா செலவு இல்லாமல், எங்கள் மதினிக்கு ஒரு நாள் கூலி போயிற்று என்பது மட்டும் உறுதியாகத் தெரியும். முல்லைப் பெரியாறு அணையில் நீர்மட்டம் 136 அடியைத் தொட்டால் இடுக்கிக்கு முதல் எச்சரிக்கை போகும். அது அதிகாரிகளின் நடைமுறை. அதே நேரத்தில் நம் அலைபேசிக்குள் வேறொன்று மளமளவென்று ஏறுகிறது. அதற்கு எச்சரிக்கை கொடுக்க ஆளில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து கேரளாவுக்கு ஏற மூன்று பாதைகள்: குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு. விடிகாலை நாலரை மணிக்குக் கம்பத்தில் நின்று பாருங்கள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, கையில் தூக்குச்சட்டியும் மடித்த பிளாஸ்டிக் தாளுமாகப் பெண்கள் ஜீப்புக்கு நிற்பார்கள். எட்டுப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் பதினைந்து பேர் ஏறுவார்கள். கடைசியாக ஏறுகிறவருக்கு உள்ளே இருப்பவர்கள் மடியைக் கொடுப்பார்கள். கட்டப்பனை, நெடுங்கண்டம், உடும்பன்சோலை வரைக்கும் போய், சாயங்காலம் திரும்புவார்கள். மேலே விளையும் ஏலக்காய் ஏலத்துக்குப் போடிக்கு இறங்கி வரும். கீழே விளையும் காய்கறியும் வாழையும் திராட்சையும் மேலே போகும். சம்பந்தம் செய்துகொண்ட குடும்பங்கள் உண்டு. கடன் வாங்கித் திருப்பாதவர்களும் இரண்டு பக்கமும் உண்டு. இப்படி இடுப்போடு இடுப்பு இடித்துக்கொண்டு வாழ்கிற இடத்தில்தான் ஒரு பொய்க்கு விலை மிக அதிகம்.

2011 டிசம்பரை இங்கே யாரும் மறக்கவில்லை. அந்த நவம்பரில் இடுக்கிப் பக்கம் சிறு நில அதிர்வுகள். அணை உடைவதைக் காட்டும் ‘டேம் 999’ என்ற படம் வெளிவர இருந்தது. தமிழ்நாட்டில் தடை செய்தார்கள். முல்லைப் பெரியாறு அணை உடைந்தால் என்ன ஆகும் என்று கேரளத் தொலைக்காட்சிகளில் ஓயாத பேச்சு. டிசம்பர் முதல் வாரத்தில் குமுளியில் தகராறு தொடங்கியது. பிறகு மூன்று பாதைகளும் அடைபட்டன. தோட்டத்தில் நம் பெண்களைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று இங்கே பேச்சு. சபரிமலைக்குப் போகும் வழியில் நம் பக்தர்களை அடிக்கிறார்கள் என்று பேச்சு. மலையாளிகளின் கடையை எரிக்கிறார்கள் என்று அங்கே பேச்சு. அதில் எது எவ்வளவு நடந்தது, எது ஊதிப் பெருத்தது என்று பிரித்துப் பார்க்க ஒருவருக்கும் பொழுது இல்லை. கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஆயிரக்கணக்கான சனம் லோயர் கேம்ப் நோக்கி நடந்தது. போலீஸ் தடியடி. 144. இடுக்கித் தோட்டங்களில் பல வருஷமாகக் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு மலையிறங்கி ஓடிவந்தன. இந்தப் பக்கம் மலையாளிகளின் கடைகளும் தோட்டங்களும் அடி வாங்கின.

அப்போது எங்கள் ஊரில் எத்தனை பேர் கையில் ஸ்மார்ட்போன் இருந்தது? விரல் விட்டு எண்ணலாம். எஸ்.எம்.எஸ்., டிவி, வாய்ப்பேச்சு, இந்த மூன்றையும் வைத்துக்கொண்டே அவ்வளவு நடந்தது. இன்றைக்கு அதே டிசம்பர் திரும்பி வந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட எனக்குத் துணிச்சல் இல்லை.

திரும்பி வரவே வராது என்று நினைப்பவர்கள் இந்த வரிசையைப் பாருங்கள். 2018 ஆகஸ்ட், கேரளாவில் பெருவெள்ளம். முல்லைப் பெரியாறு அணை உடையப் போகிறது, இன்னும் சில மணி நேரத்தில் எர்ணாகுளம் வரை போய்விடும் என்கிற தோரணையில் ஒரு ஆடியோ கேரளா முழுக்கச் சுற்றியது. ஏற்கெனவே மொட்டைமாடியில் நின்று படகுக்குக் காத்திருந்த சனத்தின் காதில் அது விழுந்தது. கேரளப் போலீஸ் வழக்குப் போட்டது. 2021 அக்டோபரில், அணையைச் செயலிழக்கச் செய்ய வேண்டும் என்ற ஹேஷ்டேக் ஓடியது. நடிகர் பிருத்விராஜும் அதில் சேர்ந்தார். தேனியில் அவர் கொடும்பாவி எரிந்தது. உடனடி ஆபத்து ஏதும் இல்லை, பீதி கிளப்பினால் நடவடிக்கை எடுப்போம் என்று கேரள முதல்வர் பினராயி விஜயனே சட்டமன்றத்தில் சொல்ல வேண்டிவந்தது. 2024 ஜூலை 30 அன்று வயநாட்டில் மலை சரிந்தது. பிணங்களைத் தேடி முடிப்பதற்குள், ‘அடுத்தது முல்லைப் பெரியாறு’ என்று யூடியூபில் கடை விரித்துவிட்டார்கள். 2025 மார்ச்சில் ‘எம்புரான்’ படம்.

எம்புரான் விஷயத்தில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தப் படத்தில் அணையைப் பற்றி வந்த வசனங்களுக்காகக் கம்பத்தில் பெரியாறு வைகைப் பாசன விவசாயிகள் கொதித்தார்கள். சரியோ தவறோ, அந்தக் கோபத்துக்கு ஒரு பேர் இருந்தது. சங்கம் இருந்தது, தலைவர் இருந்தார், போய்ப் பேசினால் பதில் சொல்ல ஆள் இருந்தது. 1886இல் 999 வருஷத்துக்குக் குத்தகை எழுதி, 1895இல் பென்னிகுவிக் கட்டி முடித்த அணை. அதன் தண்ணீரில் வயிறு நிறைந்து, பிள்ளைகளுக்குப் பென்னிகுவிக் என்று பேர் வைக்கிற சனத்துக்குக் கோபப்பட உரிமை உண்டு. அணைக்குக் கீழே வண்டிப்பெரியாறில் தூங்குகிறவருக்குப் பயப்படவும் உரிமை உண்டு. 142 அடி பாதுகாப்பானது என்று 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு சொன்ன பிறகும் அவர் பயப்படுகிறார் என்றால், அவரிடம் உட்கார்ந்து பேச வேண்டியதுதான். நான் உஷார்ப்படுத்துவது இவர்களைப் பற்றி இல்லை. இந்தக் கோபத்தையும் அந்தப் பயத்தையும் எரிபொருளாக்கி, முகத்தைக் காட்டாமல் பற்றவைக்கிறவனைப் பற்றி.

அவன் எப்படி இருப்பான்? ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, டீக்கடைச் சேட்டனைத் துணைக்கு வைத்துக்கொண்டு, அப்படிப்பட்ட ஒரு ஐடியை மேலிருந்து கீழே தோண்டினோம். பேர், கேரளாவில் கிறிஸ்தவர்கள் வைக்கும் பேர். முகப்படம், மோகன்லால். ஐடி தொடங்கிப் போன மாதத்தோடு நாலு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் முப்பது பதிவு சினிமா மீம். அதற்கப்புறம் பாதி பதிவு, ‘பாண்டிகள்’ என்று தமிழர்களைத் திட்டுவது. அந்தக் காலத்து மலையாளக் கிழவர்கள் பாண்டி நாட்டுக்காரன் என்று சாதாரணமாகச் சொன்ன வார்த்தைதான். இப்போது அதை வசவாக ஆக்கி வைத்திருக்கிறார்கள். தமிழர்கள் குளிப்பதில்லை, தமிழர்களுக்குப் புத்தி கிடையாது, தமிழ்ப் பெண்கள்… மேற்கொண்டு எழுத என் பேனா வரவில்லை. அதற்குக் கீழே நம் ஆட்கள் போட்ட பதிலும் அதற்குச் சளைத்ததில்லை. மலையாளிப் பெண்களைப் பற்றி நம் ஐடிகள் எழுதியதைச் சேட்டன் பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போய் பாய்லருக்குத் தண்ணீர் ஊற்றினார்.

ஒரு ஊர், ஒரு சொந்தப் படம், ஒரு கல்யாண வீட்டுப் படம், ‘டேய்’ என்று கூப்பிடுகிற ஒரு சிநேகிதன், அந்த ஐடியில் எதுவுமே இல்லை. அவன் மலையாளி என்பதற்கு அவனே வைத்துக்கொண்ட பேரைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

இதைக் கற்பனைச் சந்தேகம் என்று தள்ள வேண்டாம். 2022 ஜனவரி முதல் தேதி ‘புல்லி பாய்’ என்று ஒரு செயலி வந்தது. முஸ்லிம் பெண்களின் படங்களை அவர்களுக்கே தெரியாமல் எடுத்துப் போட்டு, ஏலத்துக்கு விடுவதுபோல் காட்டிய அசிங்கம். பத்திரிகையாளர்கள், வழக்கறிஞர்கள் என்று தைரியமாகப் பேசுகிற பெண்களாகப் பார்த்துப் பொறுக்கியிருந்தார்கள். அதைப் பரப்பிய கணக்குகளில் இருந்தவை சீக்கியப் பேர்கள். போலீஸ் பிடித்தபோது பார்த்தால், பெங்களூரு, உத்தராகண்ட், அஸ்ஸாம் என்று ஆளுக்கொரு மூலையில் இருந்த 18, 20, 21 வயதுப் பிள்ளைகள். சீக்கியர்கள் இல்லை. இரண்டு சமூகத்துக்கு நடுவில் பகையைக் கிளப்பவே அந்தப் பேர்களை மாட்டிக்கொண்டதாகப் போலீஸ் சொன்னது. ‘டிராட்’ என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் ஒரு இணையக் கூட்டத்தைப் பற்றி ஊருக்குத் தெரியவந்தது அப்போதுதான். அமெரிக்க வெள்ளை இனவெறியர்களின் தவளைப் படத்தையும் கேலிப் பாஷையையும் அப்படியே எடுத்துக்கொண்டு, வெள்ளையன் இருந்த இடத்தில் உயர்சாதி ஆணை உட்காரவைத்த கூட்டம். முகமூடி போட்டவன் தன் முகத்தை மறைப்பதோடு விடுவதில்லை; பக்கத்து வீட்டுக்காரன் முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டு வந்து நம்மை வைகிறான்.

நமக்கே நடந்திருக்கிறது. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வடக்கே வீடியோக்கள் பறந்தன. வேறு மாநிலத்தில் நடந்ததும், வேறு காரணத்துக்காக நடந்ததும் நம் தலையில் கட்டப்பட்டன. ஒரு வீடியோவில் இரண்டு பேர் கட்டுப் போட்டுக்கொண்டு அழுதார்கள். அதைப் பாட்னாவில் ஒரு வீட்டில் வைத்து எடுத்தார்கள் என்று பீகார்ப் போலீஸே கண்டுபிடித்தது. திருப்பூரிலும் கோவையிலும் பயந்துபோன தொழிலாளர்கள் ரயிலேறினார்கள். தமிழர்கள் கொலைகாரர்கள் என்று கோடிப் பேர் நம்பிய அந்த ஒரு வாரம் நமக்கு எவ்வளவு வலித்தது! ஆனால் ‘வடக்கன்’ என்று நம் பையன்கள் போடும் மீம்களைப் பார்த்து நாமே சிரிக்கிறோமே, அது எந்த வகை? ஏலத்தோட்டத்தில் இப்போது மதினிக்குப் பக்கத்து வரிசையில் காய் எடுப்பது ஜார்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வந்த பெண்கள்தான்.

பொன்னமராவதி ஞாபகம் இருக்கிறதா? 2019 ஏப்ரலில், நாடாளுமன்றத் தேர்தலுக்கு இங்கே வாக்குப்பதிவு முடிந்த கையோடு, ஒரு சமூகத்துப் பெண்களை இழிவாகப் பேசும் ஆடியோ வாட்ஸ்அப்பில் வந்தது. குரல் யாருடையது என்று தெரிவதற்குள் சனம் போலீஸ் ஸ்டேஷன் முன்னால் திரண்டு, கல்லெறி, தடியடி, 144 என்று போய்விட்டது. பேசியது ஒன்றிரண்டு வாய். பழி விழுந்தது ஒரு சாதி முழுவதின் மேல். பேர் இல்லாத குரலுக்கு அந்த வசதி உண்டு. யாரென்று தெரியாதவரைக்கும் அது எல்லோருடைய குரலாகவும் ஆகிவிடும்.

கடல் தாண்டி இலங்கையில் நடந்ததைச் சொன்னால் நம் ஊருக்கு இன்னும் கிட்ட வரும், ஏனென்றால் அதிலும் ஒரு லாரி இருக்கிறது. 2018 பிப்ரவரி கடைசியில், அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று ஃபேஸ்புக்கில் பரப்பி, கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அப்படி ஒரு மாத்திரையே உலகத்தில் இல்லை; சாப்பாட்டில் கிடந்தது மாவுக்கட்டி. அதே நாட்களில் கண்டிப் பக்கம் தெல்தெனியாவில் ரோட்டுத் தகராறில் ஒரு சிங்கள லாரி டிரைவரைச் சில முஸ்லிம் இளைஞர்கள் அடித்தார்கள்; மார்ச் தொடக்கத்தில் அவர் இறந்துபோனார். அது குற்றம், நாலு பேர் செய்தது, சட்டம் பார்த்துக்கொண்டிருக்கும். ஆனால் மாத்திரைக் கதை ஏற்கெனவே எல்லார் மண்டையிலும் ஏறி உட்கார்ந்திருந்தது. திகனையில் வீடும் கடையும் பள்ளிவாசலும் எரிந்தன. அவசரநிலை போட்டு, ஒரு வாரம் ஃபேஸ்புக்கையே அடைத்தார்கள். தங்கள் தளம் அந்த வன்முறைக்கு உதவியதற்கு ஃபேஸ்புக் மன்னிப்புக் கேட்டது எப்போது தெரியுமா? 2020 மே மாதம். எரிந்து இரண்டு வருஷம் கழித்து.

நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் 2019 மார்ச் 15 அன்று இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைச் சுட்டுக் கொன்றவன், கிளம்பும் முன் 8சான் என்ற, பேர் சொல்லாமல் எழுதும் தளத்தில் தகவல் போட்டுவிட்டுக் கிளம்பினான். கொலையை ஃபேஸ்புக்கில் நேரலையாகக் காட்டினான். முதல் 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக ஃபேஸ்புக் சொன்னது. இதில் பெற்றோர் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. பின்னால் விசாரித்த அரச ஆணையம், அவன் மண்டையை நிரப்பியதில் அந்த இருட்டு மூலைகளைவிட யூடியூபுக்குப் பெரிய பங்கு இருந்தது என்று கண்டது. நம் வீட்டில் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரே சாய்த்து வைத்திருக்கிற அதே யூடியூப்.

அது எங்கேயோ நியூசிலாந்தில், நமக்கென்ன என்றுதான் நானும் இருந்தேன், என் மருமகனின் இன்ஸ்டாகிராமைப் பார்க்கிற வரைக்கும். பதினோராம் வகுப்பு. “ரெண்டாவது ஐடி மாமா, எல்லாப் பயலும் வச்சிருக்கான்” என்று சாதாரணமாகச் சொன்னான். சிங்கம், அரிவாள், சாதிக் கொடியின் நிறம், பின்னணியில் சினிமா இசை. கீழே அடுத்த சாதிக்காரனைக் குறிவைத்து ஒரு வரி. “நீ எழுதினதாடா?” “இல்ல மாமா, அண்ணன் அனுப்புவாரு. நாங்க போடுவோம்.” எந்த அண்ணன்? பார்த்ததில்லை. ராமநாதபுரம் என்கிறார்கள், சிங்கப்பூர் என்கிறார்கள். டெலிகிராமில் ஒரு குரல். யாரைத் திட்ட வேண்டும், யாருடைய பிறந்தநாளுக்கு எந்த ஊரில் பேனர் பிடிக்க வேண்டும் என்று அந்தக் குரல் சொல்லும். பெற்ற அப்பன் கடைக்குப் போய் உப்பு வாங்கி வா என்றால் மூன்று தடவை சொல்ல வேண்டிய பிள்ளை, முகம் தெரியாத அண்ணன் ஒரு வாட்டி சொன்னால் செய்கிறான்.

“இதெல்லாம் சும்மா மீம்ஸ் மாமா. நீங்க ரொம்ப சீரியஸா எடுக்குறீங்க.” சும்மாதான். நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவனை வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு ஒரே பள்ளியில் படித்த பிள்ளைகள். அதற்கப்புறம்தான் நீதிபதி சந்துரு குழு போட்டார்கள். 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் சாதிக் கயிறு கட்டத் தடை விதிக்கச் சொன்னார். கயிற்றை வாசலில் நின்று வாத்தியார் அவிழ்க்கலாம். இரண்டாவது ஐடியை யார் அவிழ்ப்பது?

முகம் மறைந்தால் வாய் அவிழ்கிறது என்பது புதுக் கண்டுபிடிப்பு இல்லை. ஜான் சூலர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2004இலேயே இதை விரிவாக எழுதினார். நேரில் பார்க்கும்போது நம்மைப் பிடித்து நிறுத்துகிற கூச்சம், எதிராளியின் முகம் மாறுவதைப் பார்த்து வருகிற தயக்கம், இரண்டும் திரைக்குப் பின்னால் கழன்றுபோகின்றன. ஜீப்பில் மடியில் மடி வைத்து உட்கார்ந்திருக்கும்போது எந்த மலையாளியும் மதினியைப் பார்த்து அந்த ஐடி சொன்ன வார்த்தையைச் சொல்ல மாட்டான். சொன்னால் மதினி தூக்குச்சட்டியாலேயே போட்டுவிடுவார்.

அப்படியானால் எல்லாரும் ஆதாரைக் காட்டித்தான் ஐடி தொடங்க வேண்டும் என்று சட்டம் போட்டால் என்ன? சென்னை உயர் நீதிமன்றத்தில் 2018இல் அப்படி ஒரு மனுவே போனது. கேட்க நன்றாக இருக்கிறது. தென் கொரியாவில் 2007இல் செய்தும் பார்த்தார்கள். பெரிய தளங்களில் உண்மைப் பேரை நிரூபித்த பிறகுதான் எழுதலாம் என்றார்கள். திட்டு பெரிதாகக் குறையவில்லை. 2011இல் ஒரு நிறுவனத்திலிருந்து மூன்றரைக் கோடிப் பேரின் விவரங்கள் திருடு போயின. 2012இல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. போதாததற்கு, பேரை மறைக்க வேண்டிய நல்லவர்களும் இருக்கிறார்கள். மணல் அள்ளுவதைப் போட்டுக் கொடுக்கிறவர், வேறு சாதியில் காதலிக்கிற பெண், வேலை பார்க்கிற இடத்தில் நடந்ததைச் சொல்ல நினைக்கிறவர். முகமூடியை எல்லாரிடமும் பிடுங்கினால் முதலில் அகப்படுவது இவர்கள்தான்.

அதோடு, பேரோடும் முகத்தோடும் வெறியைக் கக்குகிறவர்களை என்ன செய்வது? 2015இல் சாதி வெறியில் நடந்த கோகுல்ராஜ் கொலை வழக்கில் தேடப்பட்ட முதல் குற்றவாளி, தலைமறைவாக இருந்தபடியே தன் சொந்தக் குரலில் வாட்ஸ்அப் ஆடியோ விட்டுக்கொண்டிருந்தான். அதை வீரமாக நினைத்துப் பரப்பியவர்கள் ஆயிரக்கணக்கில். மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் ஆயுள் தண்டனை கொடுத்த பிறகும் அவன் படத்தை வைத்து ரீல்ஸ் வருகிறது. கக்குகிறவனுக்குப் பேர் இருக்கலாம். தூக்கிச் சுமக்கிற ஆயிரம் பேருக்குப் பேர் கிடையாது. நானும் அந்த லாரிக்கு அப்படி ஒரு சுமைகூலிதான், கூலி வாங்காத சுமைகூலி.

சுமந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நடிகர் எஸ்.வி.சேகர் வழக்கில் 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பதிவைப் பகிர்வது அதை ஏற்றுக்கொள்வதற்குச் சமம் என்றது. ‘எனக்கு வந்தது, அப்படியே அனுப்பினேன்’ என்ற சமாதானம் அங்கே எடுபடவில்லை. சமூகங்களுக்கு இடையே பகை வளர்த்தால் பாரதிய நியாய சன்ஹிதா 196ஆம் பிரிவில் மூன்று வருஷம் வரை உள்ளே தள்ளலாம். குழு அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக வழக்கில் சேர்க்க முடியாது என்று 2021இல் மதுரைக் கிளை சொல்லியிருக்கிறது. அதனால் அட்மின்கள் நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் தூங்காமல் இருந்தால் ஊருக்கு நல்லது.

சட்டத்தைவிட எனக்கு உதவியது சேட்டன் செய்த காரியம்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பது. நம்பர் பிளேட், கடைப் பலகையில் உள்ள மொழி, போலீஸ்காரர் சட்டை, நிற்கிற மரம். குமுளி என்று போட்டுவிட்டுப் பின்னால் பனைமரம் நின்றால் அது குமுளி இல்லை. ஆடியோவில் நாள், கிழமை, இடம் எதுவும் இல்லாமல் ‘இப்ப கிடைச்ச தகவல்’ என்று ஆரம்பித்தால், அதே ‘இப்ப’ மூன்று வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கலாம். இன்னொன்றும் செய்தேன். மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நாலு பேர் நம்பரைச் சேமித்து வைத்திருக்கிறேன்: ஒரு ஜீப் டிரைவர், ஒரு மளிகைக் கடைக்காரர், ஒரு தோட்டக் கங்காணி, சேட்டனின் மைத்துனர். ஏதாவது வந்தால் முதலில் அவர்களுக்குப் போன். இரண்டு நிமிஷ வேலை. அசிங்கமாக எதையாவது பார்த்தால் தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் பதியலாம். அதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், அவன் அழித்துவிட்டு ஓடுவான். கீழே போய்ப் பதிலுக்குத் திட்டாதீர்கள். நம் திட்டுதான் அவனுக்குத் தீனி. ஒவ்வொரு பதிலுக்கும் அவன் பதிவு இன்னும் ஆயிரம் பேருக்குப் போகிறது.

மருமகன் அந்த இரண்டாவது ஐடியை அழித்துவிட்டதாகச் சொல்கிறான். அழித்தானா, மூன்றாவது தொடங்கினானா, நான் கேட்கவில்லை. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை அவனைக் கூட்டிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மேலே போய், மதினி வேலை பார்க்கிற தோட்டத்தைக் காட்டிவிட்டு வந்தேன். ஏலச்செடிக்குள் குனிந்து காய் எடுக்கும் ஒரு ஜார்கண்ட் பாட்டியோடு மதினி ஏதோ ஒரு பாஷையில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் வெற்றிலை விஷயத்தில் தகராறு. பையன் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றான்.

அந்த லாரி போட்டோ விஷயத்தில், நானே போட்ட குழுவில் நானே மறுப்பும் போட்டேன். ‘நேற்று நான் அனுப்பியது பொய். வண்டி மகாராஷ்டிரா வண்டி. யாரும் நம்ப வேண்டாம், மன்னிக்கவும்.’ நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள். இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். சித்தப்பா மட்டும், ‘பொய்யா இருந்தாலும் இப்படி நடக்கத்தான செய்யுது’ என்று எழுதினார்.

நாலு நாள் கழித்து ஆண்டிபட்டியிலிருந்து ஒரு சிநேகிதர் எனக்கு அவசரமாக ஒன்றை அனுப்பினார். அதே லாரி. அதே தக்காளி. நம்பர் பிளேட்டை மட்டும் யாரோ கறுப்பு மையால் அழித்திருந்தார்கள். மேலே எழுத்தும் மாறியிருந்தது: ‘போடிமெட்டு, இன்று காலை.’